ஒன்பது சர்வீஸ், ஏழு லேப்டாப்: எதைக் கன்டெய்னரில் போடுவது, எதை வெளியே விடுவது?

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்த பெண், எங்கள் மென்பொருளின் லாகின் பக்கத்தைத் தன் லேப்டாப்பில் வியாழக்கிழமை மதியம்தான் பார்த்தார். இடையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ரீட்மீ என்ற நிறுவல் குறிப்பில் உள்ளபடி ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டிருந்தார். அந்த ரீட்மீயை எழுதியவன் நான். எழுதி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதில் டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 14 என்று இருந்தது, சர்வரிலோ 16 ஓடிக்கொண்டிருந்தது. சர்வீஸ்களுக்கு நடுவே மெசேஜ் கடத்தும் காஃப்காவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அது வந்து சேர்ந்ததே போன வருடம்தான். புதன்கிழமை சாயங்காலம் அவர் வந்து, "அண்ணா, எல்லாம் ஓடுது, எரர் எதுவும் இல்ல, ஆனா எதுவுமே வரல" என்றார். வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்ததும் நாலு பேர் வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்த வார்த்தை டாக்கர்: ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் கருவி. எல்லாவற்றையும் கன்டெய்னரில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார்கள். நானும் அன்று அந்தக் கட்சிதான். இரண்டு மாதம் வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் கட்சி மாறிவிட்டேன். என் கணக்கு இப்போது இதுதான்: அடுத்தவர் எழுதி, நாம் உள்ளே கை வைக்காத மென்பொருளைக் கன்டெய்னரில் போடலாம், நாள் முழுக்க நாம் திருத்திக்கொண்டிருக்கும் நிரலை லேப்டாப்பிலேயே விடலாம். விலக்கும் உண்டு. எங்களிடமே ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஸ்டாக்கை, அதாவது எங்கள் மென்பொருள் எவற்றால் ஆனது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பள்ளிகள் கட்டணம் வசூலிப்பதற்கான மென்பொருள். நாங்கள் எழுதியவை ஐந்து: சர்வர் பக்கத்து ஜாங்கோ ஏபிஐ, திரையில் தெரியும் ரியாக்ட் முகப்பு, பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி வொர்க்கர், நேரம் வைத்து வேலைகளைக் கிளப்பிவிடும் செலரி பீட், ரசீதுகளைப் பிடிஎஃப் ஆக்கும் தனி வொர்க்கர். வெளியிலிருந்து எடுத்துக்கொண்டவை நான்கு: போஸ்ட்கிரஸ், தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ரெடிஸ், தேடலுக்கான எலாஸ்டிக்சர்ச், காஃப்கா. ஆட்கள் ஏழு பேர். மூன்று பேரிடம் உபுண்டு, இரண்டு பேரிடம் எம் வரிசை சிப் வைத்த மேக், இரண்டு பேரிடம் விண்டோஸ். எல்லோரிடமும் 16 ஜிபி ரேம், ஒருவரிடம் மட்டும் 8.

இதை ஒப்பிட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளை மட்டும் அளக்கிறார்கள். புதிதாக வந்தவர் எத்தனை மணி நேரத்தில் வேலையைத் தொடங்குவார் என்பது கேள்வி. அளக்க வேண்டியதுதான். ஆனால் ஒருவர் வேலைக்குச் சேர்வது ஒரே தடவை. ஃபைலைச் சேவ் செய்துவிட்டு மாற்றம் திரையில் வந்ததா என்று பார்ப்பது ஒரு நாளைக்கு நூறு தடவை. அந்த ஒவ்வொரு தடவையும் ஐந்து நொடி கூடினால், நொடிக்கணக்கு பெரிதாகத் தெரியாது. அந்த ஐந்து நொடியில் கை ஃபோனுக்குப் போய்விடும், அதுதான் நஷ்டம். அப்புறம் இன்னொன்று: ஏற்பாடு உடைந்தால் எத்தனை பேருக்குச் சரிசெய்யத் தெரியும்? ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் ஊருக்குப் போன அன்று ஏழு பேருக்கும் லீவு.

நேரடியாக நிறுவுவது

இந்தப் பழைய வழியைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. பிழை தேடும் டீபக்கர் நேராக ஒட்டிக்கொள்ளும், எடிட்டர் எல்லா லைப்ரரியையும் கண்டுகொள்ளும், பேட்டரியும் நிற்கும். மொழிகளின் பதிப்புச் சண்டையும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பைத்தானுக்கு பைஎன்வ் அல்லது யூவி, நோடுக்கு என்விஎம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கருவி வேண்டுமென்றால் மீஸ். நிரலைச் சேமித்துவைக்கும் ரெப்போவில் ஒரு சின்ன ஃபைலில் பதிப்பு எண்ணை எழுதி வைத்தால் ஏழு பேருக்கும் ஒரே பைத்தான்.

உதைப்பது டேட்டாபேஸும் அதன் சகாக்களும்தான். ரெடிஸுக்கு விண்டோஸில் அதிகாரபூர்வமான பதிப்பே கிடையாது. இன்னொரு கிளையன்ட்டின் வேலைக்குப் போஸ்ட்கிரஸின் வேறு பதிப்பு வேண்டும், இரண்டும் 5432 என்ற ஒரே போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசலுக்கு) அடித்துக்கொள்ளும். காஃப்காவை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் நிறுவியிருப்பார்கள்: ஒருவர் பழைய பதிப்பை ஜூகீப்பர் என்ற துணை மென்பொருளோடு ஓட்டுவார், இன்னொருவர் ஜூகீப்பரையே கழற்றிவிட்ட 4.0-ஐ. இரண்டுக்கும் கட்டமைப்பு ஃபைல் வேறு. ஏழு லேப்டாப், ஏழு ஊர். "என் மெஷின்ல ஓடுதே" என்ற வசனம் பிறந்த இடம் இதுதான். டேட்டாபேஸோடு நின்றுவிடும் சின்ன ப்ராஜெக்ட் என்றால், அதுவும் ஒரே ஆள் என்றால், இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம் என்பேன். எங்களுக்கு அது போதவில்லை.

எல்லாமே காம்போஸில்

முதல் வாரமே இதைச் செய்தோம். ஒன்பது சர்வீஸையும் ஒரே யாமல் ஃபைலில் எழுதி, ஒரே கட்டளையில் எழுப்புவது. இதைச் செய்யும் டாக்கர் காம்போஸ் முதலில் ஃபிக் என்ற பெயரில் தனியாக இருந்த கருவி. 2014-ல் டாக்கருக்குள் வந்தது. பைத்தானில் எழுதிய பழைய காம்போஸுக்கு 2023 ஜூலையோடு ஆதரவு முடிந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் டாக்கருக்கும் காம்போஸுக்கும் நடுவே சின்னக் கோடு இருந்தால் அது பழசு, இடைவெளி இருந்தால் புதுசு.

முதல் நாள் கணக்கில் இதுதான் ராஜா. ரெப்போவை இறக்கி, கட்டளையைத் தட்டி, கன்டெய்னர்களுக்கு அச்சான இமேஜ்கள் இறங்கும்வரை டீ குடித்துவிட்டு வந்தால் லாகின் பக்கம் நிற்கும். நின்றது. கைதட்டினோம்.

அடுத்த நாள் காலையில் ஒரு லேப்டாப்பில் ஏபிஐ எழவில்லை. மறுபடி தட்டினால் எழுந்தது. மறுநாள் மறுபடி இல்லை. காம்போஸில் ஒரு சர்வீஸ் இன்னொன்றைச் சார்ந்தது என்று வெறுமனே எழுதினால், அந்தக் கன்டெய்னர் கிளம்பும்வரைதான் காத்திருக்கும்; உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் பேசத் தயாராகும்வரை காத்திருக்காது. அதற்கு ஹெல்த்செக் எழுதி, அது நலம் என்று சொன்ன பிறகே கிளம்பு என்று நிபந்தனை வைக்க வேண்டும். வைத்தோம். அப்படியும் புது லேப்டாப்பில் மட்டும், முதல் தடவை மட்டும் விழுந்தது. இதைப் பிடிக்க ஒரு முழு மதியம் போனது. போஸ்ட்கிரஸ் இமேஜ் முதன்முறை எழும்போது, ஆரம்ப ஸ்கிரிப்ட்களை ஓட்டுவதற்காக ஒரு தற்காலிக சர்வரை எழுப்பும், வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு உண்மையான சர்வரைக் கிளப்பும். தற்காலிக சர்வர் யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே இயந்திரத்துக்குள் மட்டும் பேசும் வழியில்) மட்டும் காது கொடுக்கும், நெட்வொர்க்கில் இல்லை. எங்கள் ஹெல்த்செக் சாக்கெட் வழியாகத் தட்டிப் பார்த்து, "ஆள் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏபிஐ நெட்வொர்க் வழியாகப் போய்க் கதவில் முட்டிக்கொண்டது. ஹெல்த்செக் கட்டளையில் 127.0.0.1 (அந்த இயந்திரத்தையே குறிக்கும் நெட்வொர்க் முகவரி) என்று ஹோஸ்ட்டைச் சேர்த்ததும் சரியானது.

இதெல்லாம் ஒரு தடவை கற்றால் தீரும் விஷயம். தீராத விஷயம் வேகம். உபுண்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் லினக்ஸில் கன்டெய்னர் என்பது அதே கெர்னலில் ஓடும் சாதாரண ப்ராசஸ்தான். மேக்கில் நடுவே ஒரு லினக்ஸ் விஎம் (கணினிக்குள் ஒரு கணினி) உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பில் உள்ள நிரல் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் காட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு ஃபைல் வாசிப்பும் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வர வேண்டும். டாக்கர் டெஸ்க்டாப்பில் அந்த எல்லையை வேகமாகத் தாண்ட விர்ட்டியோ எஃப்எஸ் வந்த பிறகு முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனால் முகப்பின் லைப்ரரிகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இருக்கும் இடத்தில் இன்னமும் மூச்சு வாங்கும். அந்த ஃபோல்டரை மட்டும் டாக்கரே வைத்துக்கொள்ளும் தனி வால்யூமில் போட்டு மறைப்பது எல்லோரும் செய்யும் வித்தை. செய்தால் கன்டெய்னருக்கு வேகம் வரும். ஆனால் எடிட்டர் பார்க்கும் ஃபோல்டர் காலியாகி, எல்லா இம்போர்ட்டுக்கும் கீழே சிவப்புக் கோடு போடும். அப்புறம் எடிட்டருக்காக லேப்டாப்பிலும் ஒரு முறை நிறுவ வேண்டும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

விண்டோஸில் வேறு மாதிரி. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-க்குள் ரெப்போவை லினக்ஸ் பக்கத்தில் வைத்தால் நன்றாகவே ஓடும். பழக்கதோஷத்தில் சி டிரைவில் வைத்தால் ஊர்ந்து போகும். அதைவிட மோசம், ஃபைல் மாறிய சேதியே லினக்ஸ் பக்கம் வந்து சேராது. சேவ் செய்தும் ரீலோட் ஆகவில்லை என்று ஒருவர் அரை நாள் வெப்பேக் அமைப்பைக் குடைந்தார். ரெப்போ சி டிரைவில் இருந்தது, அவ்வளவுதான்.

உபுண்டுவிலும் ஒரு குடைச்சல் உண்டு. கன்டெய்னர் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனராக) ஓடினால், அது உருவாக்கும் ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். டேட்டாபேஸ் மாற்றங்களை எழுதிவைக்கும் ஜாங்கோவின் மைக்ரேஷன் ஃபைலை உள்ளே உருவாக்கிவிட்டு, வெளியே எடிட்டரில் திருத்தப் போனால் அனுமதி இல்லை என்று வரும். யூசர் ஐடியைக் காம்போஸ் ஃபைலில் கொடுத்து இதைத் தீர்க்கலாம். 2023-ல் வந்த காம்போஸ் வாட்ச், ஃபோல்டரைக் காட்டுவதற்குப் பதிலாக மாறிய ஃபைலை மட்டும் கன்டெய்னருக்குள் நகலெடுத்துப் போடுகிறது. மேக்கில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் அது ஒருவழிப் பாதை. உள்ளே உருவான மைக்ரேஷன் ஃபைல் வெளியே வராது. அது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரேமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலாஸ்டிக்சர்ச் சும்மா விட்டால், கன்டெய்னருக்குக் கிடைக்கும் நினைவகத்தில் பாதியை ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மின் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். 512 எம்பி என்று வாயைக் கட்டினால் எங்கள் சோதனைத் தரவுக்கு அதுவே தாராளம். காஃப்காவும் ஜேவிஎம்தான், அதற்கும் அதே வைத்தியம். இதைச் செய்யாமல் ஒன்பதையும் எழுப்பியபோது 16 ஜிபி லேப்டாப்பிலேயே பிரவுசர் டேப் மாற்றினால் யோசித்தது. 8 ஜிபிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி உள்ளே, பாதி வெளியே

கடைசியில் நாங்கள் வந்து நின்றது இங்கேதான். போஸ்ட்கிரஸ், ரெடிஸ், எலாஸ்டிக்சர்ச், காஃப்கா நான்கும் கன்டெய்னரில். ஏபிஐ, முகப்பு, செலரி எல்லாம் லேப்டாப்பில் நேரடியாக. ஃபைல்கள் எல்லையைத் தாண்டுவதே இல்லை என்பதால் மேக்கிலும் சேவ் செய்த மறு நொடி ரீலோட். பிரேக்பாயின்ட் வைப்பதற்குத் தனியாகப் போர்ட் திறந்து எடிட்டரை ஒட்டவைக்கும் வேலையும் இல்லை.

சிக்கல் வருவது எல்லைக்கோட்டில். அதிலும் காஃப்கா. புதன்கிழமை அந்தப் பெண் சொன்ன "எரர் இல்ல, ஆனா எதுவும் வரல" அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. இந்த ஏற்பாட்டில் மறுபடி வந்தபோதுதான் விளங்கியது. காஃப்கா கிளையன்ட் முதலில் ஒரு முகவரியில் போய்த் தட்டும். அங்கிருந்து வரும் பதில், "இனிமேல் என்னிடம் இந்த முகவரியில் பேசு" என்பது. அந்த இரண்டாவது முகவரியைக் காஃப்காவின் கட்டமைப்பில் நாம்தான் எழுதுகிறோம். அதில் கன்டெய்னரின் பெயரை எழுதியிருந்தால், லேப்டாப்பில் ஓடும் வொர்க்கருக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்தால், இன்னொரு கன்டெய்னருக்குள் இருப்பவர் தன்னையே தட்டிக்கொண்டிருப்பார். முதல் தட்டு வெற்றி என்பதால் இணைப்பு கிடைத்தது போலவே தெரியும், மெசேஜ் மட்டும் போகாது. தீர்வு இரண்டு வாசல்: கன்டெய்னர்களுக்கு 9092, லேப்டாப்புக்கு 29092, ஒவ்வொரு வாசலுக்கும் அதற்குரிய முகவரி. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி போட்டுக் குறுக்குவழியில் தப்பிப்பவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் அந்த வரி ரெப்போவில் இருக்காது, அடுத்து வருபவர் மறுபடி முட்டுவார்.

போர்ட்டைத் திறக்கும்போது எண்ணை மட்டும் எழுதாதீர்கள், முன்னால் 127.0.0.1 சேருங்கள். சும்மா 5432 என்று திறந்தால் லேப்டாப்பின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் திறக்கும். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் வேண்டாம். டாக்கர் தன் விதிகளை அதைச் சுற்றிக்கொண்டு எழுதிவிடும். கஃபே வைஃபையில், எளிய பாஸ்வேர்டு வைத்த போஸ்ட்கிரஸ் பக்கத்து மேசைக்காரருக்கும் திறந்திருக்கும்.

இமேஜ் தேர்வில் நாங்கள் பட்டது ஒன்று, தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. சின்னதாக இருக்கிறதே என்று ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸில் கட்டிய போஸ்ட்கிரஸ் இமேஜை எடுத்தோம். மாணவர் பட்டியலில் ஜெயந்தி, செல்விக்கும் ஞானத்துக்கும் நடுவில் வந்து நின்றார். சர்வரில் அவர் வள்ளிக்குப் பிறகு வருவார். ஆல்பைனில் இருப்பது பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி அல்ல, மசல் என்ற சின்ன லைப்ரரி. அது எழுத்துகளை யூனிகோட் எண் வரிசையிலேயே அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ஜ இருப்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே. டெபியன் இமேஜில் ஜிலிப்சி இருப்பதால் கிரந்த எழுத்துகள் கடைசிக்குப் போகும், நாம் எதிர்பார்ப்பது போல. ஒரு சோதனை இங்கே தேறி அங்கே விழுந்ததற்குக் காரணம் இதுதான். டெபியனுக்கு மாறினோம். புரொடக்‌ஷனில் என்ன இமேஜோ அதே இமேஜ், அதே பதிப்பு எண். லேட்டஸ்ட் என்ற டேக்கை ரெப்போவுக்குள்ளேயே விடக்கூடாது.

பதிப்பு எண்ணை மாற்றும்போதும் ஜாக்கிரதை. 16-ஐ 17 ஆக்கிவிட்டு அதே வால்யூமோடு எழுப்பினால், டேட்டா ஃபைல்கள் இந்தச் சர்வருக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். 18-வது பதிப்பின் இமேஜில் வால்யூமை மாட்டும் இடமே மாறியிருக்கிறது. பழைய காம்போஸ் ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே சோதனைத் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். எங்களில் ஒருவர் காம்போஸை நிறுத்தும்போது கூடவே வி என்ற ஒற்றை எழுத்தையும் தட்டி, வால்யூம்களையும் சேர்த்துக் காலி செய்தார். கையால் உள்ளிட்டிருந்த கட்டண அமைப்புகள் எல்லாம் போயின. அன்றைக்கே உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டை எழுதினார்; கோபத்தில் எழுதியதாலோ என்னவோ, நன்றாகவே இருக்கிறது.

இப்போது அந்த விலக்கு. பிடிஎஃப் வொர்க்கர் நாங்கள் எழுதியதுதான், ஆனால் அதைக் கன்டெய்னரில்தான் ஓட்டுகிறோம். வீஸிபிரின்ட் என்ற லைப்ரரியை வைத்து ரசீது அச்சிடுகிறது. அதற்கு அடியில் எழுத்துகளை அடுக்கும் பாங்கோ வேண்டும். உபுண்டுவில் அது எளிது, விண்டோஸில் ஒரு நாள் வேலை. அதுகூடப் பரவாயில்லை. உண்மையான காரணம் எழுத்துரு. எங்கள் லேப்டாப்களில் தமிழ் எழுத்துரு எப்படியோ இருக்கிறது, அதனால் ரசீதில் பெயர் அழகாக வந்தது. சர்வரில் ஓடிய ஸ்லிம் இமேஜில் எழுத்துரு எதுவுமே இல்லை. பெற்றோருக்குப் போன ரசீதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். நோட்டோ எழுத்துருப் பொதியை டாக்கர்ஃபைலில் சேர்த்தது ஒரே வரி. அந்த ஒரு வரி வேண்டும் என்பது லேப்டாப்பில் ஓட்டியவரைக்கும் யாருக்கும் தெரிய வழியில்லை. வெளியீடு இயங்குதளத்தில் உள்ள பொருட்களை நம்பியிருக்கும் சர்வீஸ் என்றால், நம் நிரலே ஆனாலும் உள்ளே போடுவதுதான் சரி.

உள்ளே போட்டதால் ஒரு சின்ன வேலை கூடியது. அந்த வொர்க்கர் லேப்டாப்பில் ஓடும் ஏபிஐயிடம் பேச வேண்டும். டாக்கர் டெஸ்க்டாப் ஓடும் மேக்கிலும் விண்டோஸிலும் லேப்டாப்பைக் குறிக்கும் ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல் என்ற பெயர் தானாகவே கிடைக்கும். உபுண்டுவிலோ டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளோ டாக்கர் இன்ஜினை நேராகப் போட்டிருந்தால் காம்போஸ் ஃபைலில் ஹோஸ்ட் கேட்வே என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், ஜாங்கோவை 127.0.0.1-ல் ஓட்டாமல் 0.0.0.0-ல் ஓட்ட வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட்கள் பட்டியலிலும் அந்தப் பெயர் வேண்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் வேறு வேறு மாதிரி எரர் வரும்.

மற்ற வழிகள்

டெவ் கன்டெய்னர் எனக்குப் பிடித்த ஏற்பாடு. எடிட்டரின் பின்பாதியையே கன்டெய்னருக்குள் அனுப்பிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் விஎஸ் கோடுக்குக் கொண்டுவந்தது, பின்னால் திறந்த வரையறை ஆக்கியது. எக்ஸ்டென்ஷன், டீபக்கர், டெர்மினல் எல்லாமே உள்ளே ஓடுவதால் சிவப்புக் கோட்டுப் பிரச்சினை இல்லை. ரெப்போவை ஃபோல்டராகக் காட்டாமல் வால்யூமிலேயே குளோன் செய்துவிட்டால் மேக்கின் வேகப் பிரச்சினையும் தீரும். எழுவரும் விஎஸ் கோட் ஆட்கள் என்றால் இதையே எடுத்திருப்பேன். ஒருவர் நியோவிம், ஒருவர் பைசார்ம். பைசார்மிலும் ஆதரவு இருக்கிறது என்றாலும், விஎஸ் கோடில் போல இழைந்து போகவில்லை. நியோவிம்காரரிடம் எடிட்டரை மாற்றச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. எடிட்டரை வைத்துச் சூழலைத் தீர்மானிக்கலாம். சூழலை வைத்து எடிட்டரைத் தீர்மானித்தால் குழுவில் சண்டைதான் மிஞ்சும்.

பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னட்டீஸை லேப்டாப்பில் ஓட்டுவது பற்றியும் பேச்சு வந்தது, புரொடக்‌ஷனில் இருப்பது அதுதானே என்று. கைண்ட், மினிகியூப், கே3டி மூன்றில் எதிலும் ஒரு மணி நேரத்தில் கிளஸ்டர் எழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் இமேஜ் கட்டி உள்ளே தள்ள வேண்டும். அதைத் தானாகச் செய்ய டில்ட் அல்லது ஸ்காஃபோல்ட் வேண்டும். டில்ட்டுக்கு ஒரு கட்டமைப்பு ஃபைல் எழுத வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. குபெர்னட்டீஸுக்கான ஹெல்ம் சார்ட்டோ ஆபரேட்டரோ எழுதுபவர் என்றால் தேவைதான். மற்ற ஆறு பேருக்கு வேண்டாம். எங்களில் ஒருவர் மட்டும் கைண்ட் வைத்திருக்கிறார், அதுவும் வெளியீட்டுக்கு முந்தின நாள் மட்டும்.

மேகத்தில் இயந்திரம் எடுத்து அதில் வேலை செய்யலாம், கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் மாதிரி. 8 ஜிபி லேப்டாப்புக்காரர் இதற்கு ஆவலாக இருந்தார். மணிக்கணக்கில் பணம், அணைக்க மறந்தால் இன்னும் பணம். வீட்டில் இன்டர்நெட் போனால் வேலையும் போச்சு. இன்னொரு பயமும் உண்டு: அமேசான் தன் கிளவுட்9-ஐ 2024 ஜூலையில் புது வாடிக்கையாளர்களுக்கு மூடிவிட்டது. அதில் பழகிய குழுக்களும் அடுத்து எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஆகவே எடுத்தால், டெவ் கன்டெய்னர் வரையறையை ரெப்போவில் வைத்து எடுங்கள்; இடம் மாறினாலும் அது கூடவே வரும்.

நிக்ஸைச் சொல்லாவிட்டால் அதன் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். கன்டெய்னரே இல்லாமல், ஒவ்வொரு கருவியின் துல்லியமான பதிப்பையும் ஒரு ஃபைலில் எழுதி எங்கும் ஒரே மாதிரி எழுப்பலாம். வேகமும் போகாது, சூழலும் மாறாது. உண்மையில் இந்தப் பட்டியலிலேயே அழகான யோசனை அதுதான். அதன் மொழியைக் கற்க யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டபோது ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. ஊருக்குப் போகும் கணக்கில் அது தேறவில்லை.

டாக்கர் என்றால் எந்த டாக்கர்?

வழியைத் தீர்மானித்த பிறகும் இந்தக் கேள்வி மிச்சம். டாக்கர் இன்ஜின் திறந்த மூலம், உபுண்டுவில் அதை நேராகப் போட்டுக்கொள்ளலாம், காசு கேட்க யாரும் வர மாட்டார்கள். டாக்கர் டெஸ்க்டாப் வேறு. 2021 ஆகஸ்டில் அறிவித்த விதிப்படி, 250 பேரோ ஆண்டுக்கு 1 கோடி டாலர் வருமானமோ, இரண்டில் ஒன்றைத் தாண்டிய நிறுவனம் சந்தா கட்ட வேண்டும். எங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் பெரிய நிறுவனத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. டெஸ்க்டாப்புக்கு மாற்றாக மேக்கில் கோலிமா இலவசம், கட்டளை வரி மட்டும், பழகினால் போதும். ஆர்ப்ஸ்டாக் லேசாகவும் வேகமாகவும் இருக்கிறது, வணிகப் பயன்பாட்டுக்குக் காசு. விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளேயே டாக்கர் இன்ஜினைப் போட்டுவிட்டோம், டெஸ்க்டாப்பே இல்லாமல். டாக்கருக்கு மாற்றான பாட்மனையும் பார்த்தோம், ரூட் இல்லாமல் ஓடுவது நல்ல குணம். எங்கள் காம்போஸ் ஃபைல் அதில் பெரும்பாலும் ஓடியது. அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லுக்காக அதை விட்டோம்.

இப்போதைய நிலவரம்: எலாஸ்டிக்சர்ச்சையும் காஃப்காவையும் காம்போஸில் தனி புரொஃபைலில் வைத்திருக்கிறோம், கேட்டால்தான் எழும். 8 ஜிபிக்காரர் முகப்பு வேலை செய்பவர்; அவருக்கு மட்டும் ஏபிஐயும் கட்டிய இமேஜாக உள்ளே ஓடுகிறது, அவர் அதில் கை வைப்பதில்லை என்பதால். எலாஸ்டிக்சர்ச்சை அணைத்துவிட்டால் தேடல் போஸ்ட்கிரஸிலேயே ஒப்பேற்றிக்கொள்கிறது. ரேம் வாங்கித் தரும் மனு இன்னும் மேலே இருக்கிறது.

போன மாதம் இன்னொருவர் சேர்ந்தார். காலை பத்து மணிக்கு ரெப்போவை இறக்கினார், போஸ்ட்கிரஸ் எழவில்லை. கல்லூரி ப்ராஜெக்டுக்காக நிறுவிய பழைய போஸ்ட்கிரஸ் ஒன்று அவர் லேப்டாப்பில் 5432-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை சேர்ந்த அந்தப் பெண்தான் எழுந்து போய்ப் பார்த்தார். போர்ட் எண்ணை என்வ் ஃபைலில் மாற்றிக்கொள்ளும்படி காம்போஸைத் திருத்தி, சாப்பாட்டுக்கு முன் லாகின் பக்கத்தையும் வரவழைத்துவிட்டு, ரீட்மீயில் அதற்கு ஒரு வரி சேர்த்தார். கூடவே, போஸ்ட்கிரஸ் 14 என்று நான் இன்னும் திருத்தாமல் விட்டிருந்த இடத்தையும் திருத்தியிருந்தார்.